மச்சான் இரண்டு முறை பேசினான்

கான்பரன்ஸ் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். மீட்டிங் என்றால் முன்கூட்டியே போய்த் திறந்து, ஏ.சி.யைப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். திரை திறந்திருந்தால் பின்னால் வெளிச்சம் அடித்து, உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் கரிக்கட்டை மாதிரித் தெரிவார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். அது சுற்றினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு மழை பெய்கிற சத்தம் கேட்குமாம். பிறகு டீ. டீயையும் மீட்டிங் தொடங்கும் முன்பே வைத்துவிட வேண்டும். நடுவில் கொண்டுபோனால் கிளாஸ் சத்தம் சிங்கப்பூர் வரைக்கும் போகும்.

இதெல்லாம் யாரும் எனக்குப் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான் கிரைண்டிங் செக்ஷனில் இருந்தேன். எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வால்வு வார்க்கிற கம்பெனி. அச்சிலிருந்து வெளியே வரும் வால்வுக்கு ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைக் கல்லில் பிடித்துத் தேய்த்து எடுப்பது எங்கள் வேலை. தோள்பட்டை போன பிறகு என்னால் கல்லைப் பிடிக்க முடியவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவனை வேறு எங்கே போடுவது என்று யோசித்து, ஆபீசில் டீ கொடுக்கவும் தபால் எடுக்கவும் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. பேச்சுதான் குறைந்தது. ஏற்கெனவே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆபீசில் அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், அதே கிரைண்டிங் செக்ஷனில் இருந்தான். நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். இரண்டு பேரும் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரே ரயிலில் வருவோம், ஒரே ரயிலில் போவோம். அவன் எனக்கும் சேர்த்துப் பேசுவான்.

கம்பெனியின் முதலாளி தமிழர்தான். மகன் சிங்கப்பூரில் தொழில் தொடங்கியதும் அவரும் அங்கே போய்விட்டார். போன புதிதில் அடிக்கடி வருவார். கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குள் நடப்பார். ஆள் பெயர் நினைவிருக்காது, ஆனால் முகமும் சங்கதியும் நினைவிருக்கும். “நீதானே போர் போட்டவன், தண்ணி வந்துச்சா?” என்று கேட்பார். வந்தது என்று சொன்னால் சந்தோஷப்படுவார். வரவில்லை என்று சொன்னால் எவ்வளவு ஆழம் போட்டாய் என்று கேட்பார்.

அப்புறம்தான் இந்த இன்டர்நெட் மீட்டிங் வந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புரோகிராம் ஏற்றினார்கள். மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமரா, மேசை நடுவில் ஒரு மைக். திறந்தால் மூன்று கட்டம் வரும். ஒன்றில் சிங்கப்பூரிலிருந்து முதலாளி, ஒன்றில் புனேயில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலை, ஒன்றில் நாங்களே. முதன்முதலில் முதலாளி முகம் அதில் தெரிந்தபோது ஆபீசே கூடி நின்று பார்த்தது. அவரும் குழந்தை மாதிரி கையை ஆட்டினார். கை எழுந்தது ஒரு நேரம், சத்தம் வந்தது ஒரு நேரம். அதற்கே எல்லாரும் சிரித்தோம்.

அந்தக் கட்டம் வந்த பிறகு அவர் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. வர வேண்டிய காரணம் எதுவும் இல்லை. கணக்கை அதில் காட்டினார்கள், வரைபடத்தை அதில் காட்டினார்கள், உடைந்த வால்வைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். விமான டிக்கெட் மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று மேனேஜர் சொன்னார். அதுவும் உண்மைதான்.

கிரைண்டிங் செக்ஷனைப் புனேக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு மார்கழி மாதம் கிளம்பியது. பொங்கல் முடிந்ததும் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றுவது, வர விரும்புகிற ஆட்கள் குடும்பத்தோடு அங்கே வரலாம், விரும்பாதவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம். மச்சானின் மகள் அந்த வருஷம் பத்தாவது. புனேயில் எந்தப் பள்ளிக்கூடத்தில் நடு வருஷத்தில் சேர்ப்பது, என்ன பாஷையில் பரீட்சை எழுதுவது? அவளை இங்கே எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று என் மனைவி சொன்னாள். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருந்தது. செக்ஷனே போகக் கூடாது. முதலாளியிடம் நேரில் சொன்னால் அவர் எடுக்க மாட்டார் என்று நம்பினான்.

“அவுரு நல்ல மனுஷன் மாமா. அவுருக்கு யாரோ மெஷினு துருப்பிடிச்சிப் போச்சினு சொல்லிக்கினு கீறாங்க. வந்து ஒரு வாட்டி பாத்தாருன்னா உட்ருவாரு.”

“வரமாட்டாரே.”

“வரலன்னா இன்னா, அந்த டப்பாவுல வர்றாரு இல்ல? அதுல பேசறேன்.”

செக்ஷன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மேனேஜரைக் கேட்டார்கள். மேனேஜர் கோயமுத்தூர்க்காரர், கடுமையானவர் இல்லை. நாலைந்து பேர் வந்தால் போதும், பேசிக்கொள்ளுங்கள் என்றார். பத்துப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

அன்று மதியம் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். குளித்து, தலை வாரி, வேறு சட்டை போட்டிருந்தார்கள். மச்சான் முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

“இன்னாடா, பொண்ணு பாக்கப் போறியா?” என்றான் ஒருவன்.

“அவுருக்கு மூஞ்சி நல்லா தெரியணும்ல.”

“ரொம்ப நல்லா தெரியுது. பேய்னு நெனச்சி கட் பண்ணிடப் போறாரு.”

கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் பொன்னேரியிலிருந்து வருவாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் வந்து எல்லாரையும் உள்ளே விட்டாள். நாற்காலிகளை நான் ஏற்கெனவே மேசையைச் சுற்றிப் போட்டிருந்தேன். எல்லாரும் நுனியில் உட்கார்ந்தார்கள். கட்டத்தில் முதலாளி முகம் வந்தது. வந்ததுதான் தாமதம், மொத்தப் பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

கேமரா உட்கார்ந்தவர்களின் முகத்துக்குச் சரியாக வைக்கப்பட்டிருந்தது. இப்போது எங்கள் கட்டத்தில் தெரிந்தது வரிசையாகச் சட்டைப் பொத்தான்களும் கும்பிட்ட கைகளும்தான்.

“யாருப்பா அது?” என்று முதலாளி கேட்டார். “வெறும் சட்டையா நிக்குது.”

“உக்காருங்க, உக்காருங்க” என்றாள் அந்தப் பெண். யாரும் உட்காரவில்லை. முதலாளிக்கு முன்னால் எப்படி உட்காருவது? அவர் ஷெட்டுக்குள் வந்த காலத்தில் ஒருநாளும் இவர்கள் உட்கார்ந்து பேசியதில்லை. முதலாளியே இரண்டு தடவை சொன்னார். சொல்லும்போது லேசாகக் குனிந்தார்கள், அப்புறம் மறுபடி நிமிர்ந்துவிட்டார்கள்.

“அண்ணே, அந்த பேப்பர் பெட்டி ரெண்ட எடுத்தாங்க” என்றாள் அவள். ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, அதன் உச்சியில் கேமராவை வைத்தோம். அப்போதும் முதல் வரிசைதான் தெரிந்தது. “எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்க, அப்பதான் அடங்கும்” என்றாள். பின்னால் போ என்றால் அவர்களுக்குச் சொல்லவா வேண்டும், பெரியவர் முன்னால் எட்டி நிற்பது பழக்கம்தானே. சுவர்வரைக்கும் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முகங்கள் தெரிந்தன. முதலாளி ஒவ்வொருத்தராகப் பார்த்துச் சிரித்தார். மேனேஜர் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் நின்று நின்று வந்ததால், அதே நெட்டில் யாராவது பெரிய வரைபடம் எதையாவது அனுப்புகிறார்களா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அக்கவுன்ட்ஸ் பக்கம் போனாள். நான் கதவோரம் தட்டோடு நின்றேன்.

மச்சான் ஓரடி முன்னால் வந்தான்.

“ஐயா வணக்கம். நல்லா கீறீங்களா?”

முதலாளி தலையாட்டினார். தாடைக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு கேட்கத் தயாரானார்.

“ஐயா, நாங்க இன்னாத்துக்கு வந்துக்குறோம்னா, இந்த செக்ஷன எடுக்காதீங்க. மெஷினு பழசுன்னு உங்க காதுல யாரோ போட்டுக்கீறாங்க. பழசுதான். ஆனா ஓடுது. எது எங்க மக்கர் பண்ணும்னு எங்களுக்குத் தெரியும். புதுசு வாங்கித் தாங்கன்னு நாங்க கேக்கல. இவ்ளோ நாளு அந்தத் தூசியில நின்னவங்க, ஒருத்தன் கூட குறை சொன்னதில்ல. நீங்க வந்து பாத்து ரொம்ப நாளாச்சு. ஒரே ஒரு வாட்டி வாங்க. உள்ள வந்து ஒரு ரவுண்டு நடங்க. நடந்து பாத்துட்டு, எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடுத்துக்கினு போங்க, நாங்க வாயத் தெறக்க மாட்டோம். பாக்காம எடுக்காதீங்க.”

இதை அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்தி, எச்சில் விழுங்கி, பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ரயிலில் சலசலவென்று பேசுகிறவன்.

பாதியிலேயே நான் கவனித்துவிட்டேன். முதலாளி அசையவில்லை. தாடையில் கை, உதடு லேசாகத் திறந்தபடி, அப்படியே. பக்கத்துக் கட்டத்தில் புனேக்காரர் தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோன இடத்தில் நின்றுவிட்டார். லைன் போய்விட்டது. இந்த மாதிரி எத்தனையோ மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன், இது அந்த அறைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வராதவர்கள் மச்சானும் மற்றவர்களும்தான். அவர்கள், முதலாளி யோசித்துக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தார்கள்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவரும் கவனித்திருந்தார். நான் வாயெடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் உள்ளங்கையைக் கீழ்நோக்கி லேசாக அசைத்தார். இரு, பேசட்டும்.

மச்சான் பேசி முடித்தான். முடித்துவிட்டுக் கைகட்டி நின்றான். யாரும் இருமக்கூட இல்லை. பெரியவர் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. அந்த அசையாத முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் நின்றார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி மனம் இளகிவிட்டார் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

மேனேஜர்தான் கடைசியில், “லைன் போயிடுச்சுங்க” என்றார்.

அதைக் கேட்டதும் மச்சான் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பவுடர்மேல் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

கம்ப்யூட்டர்ப் பெண் ஓடி வந்தாள். எதையோ தட்டிப் பார்த்தாள், குனிந்து ஒயரைத் தொடர்ந்துகொண்டே போனாள். சுவரில் நெட் ஒயர் மாட்டுகிற இடத்தில் ஒருவர் முதுகு அழுத்திக்கொண்டிருந்தது. ஒயர் முனையில் கிளிப் உடைந்திருந்தது. லேசாக அழுத்தினாலே வெளியே வந்துவிடும். எல்லாரும் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றதில் அது கழன்றுவிட்டது.

“கொஞ்சம் முன்னால வாங்கண்ணே, இப்படியா ஒட்டிக்கினு நிப்பீங்க” என்றாள். அந்த ஆள் தீயை மிதித்தவன் போல் முன்னால் வந்தான்.

கட்டம் திரும்ப வந்தது. முதலாளி இப்போது வேறு பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பினார்.

“ஆங், வந்துடுச்சா? நல்லா இருக்கீங்களானு கேட்டாப்ல, அதோட கட்டாயிடுச்சு. எனக்கு அடுத்து வேற மீட்டிங் இருக்கு. என்ன சொன்னாங்க?”

மேனேஜர் முந்திக்கொண்டார். “அவங்க கஷ்டத்தச் சொன்னாங்க சார். நான் மெயில்ல போட்டுடறேன்.”

முதலாளி சரி என்பது போல் தலையாட்டினார். கை மௌஸ் பக்கம் போனது. அப்போது வாயைத் திறந்தது நான்தான்.

“ஐயா, அவங்க பேசுனது உங்களுக்கு வரல. மறுபடி பேசணும்.”

எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, “அண்ணே, மைக்குகிட்ட வந்து சொல்லுங்க” என்றாள். தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. தட்டோடு போய் மேசைமேல் குனிந்து, அதையே இன்னொரு தடவை சொன்னேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தோள்பட்டைக்காரன்தானே? நீ இன்னும் இங்கதான் இருக்கியா?”

“இருக்கேன் ஐயா.”

“சரி, பேசச் சொல்லு. சீக்கிரம்.”

நான் ஒதுங்கிக்கொண்டேன். மச்சான் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான், மூடினான். ஒரு தடவை மனதைப் பிழிந்து கொட்டியதை, உடனே இன்னொரு தடவை, சீக்கிரம் என்று சொன்ன பிறகு, யாரால் கொட்ட முடியும்? பின்னால் திரும்பிப் பார்த்தான். அவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

“ஐயா, பசங்களுக்குப் பரீட்ச வருது” என்றான். “நடுவுல மாத்துனா படிப்பு போயிடும். பரீட்ச முடிஞ்சி எடுத்துக்கங்க.”

அவ்வளவுதான் சொன்னான்.

“அட, இதுக்குத்தானா இவ்ளோ பேர் வந்தீங்க?” என்றார் முதலாளி. “நியாயமான விஷயம்தானே. ஏப்ரல் முடியட்டும். மே மாசம் எடுத்துக்கலாம். என்ன மேனேஜர், பண்ணலாம்ல?”

“பண்ணிடலாம் சார்.”

எல்லாரும் கும்பிட்டார்கள். கட்டம் கறுப்பானது.

அன்று ரயிலில் மற்றவர்கள் கொஞ்சம் தெம்பாகவே இருந்தார்கள். மே மாதம்வரை நேரம் கிடைத்ததே. முதலாளி நல்லவர் என்றார்கள். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“மாமா.”

“இன்னா?”

“மொதல்ல சொன்னது அவுருக்குப் போயிருந்தா வந்திருப்பாரா?”

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

“ரெண்டாவது வாட்டி எனக்கு அது வாயில வரல மாமா. வந்து பாருங்கன்னு கேக்கணும்னுதான் போனேன். பேஜாராயிடுச்சு. வாயில வந்தது பரீட்சதான்.”

“அதுவாவது கெடச்சுதே.”

“கெடச்சுது” என்றான். அதற்குமேல் ஆரம்பாக்கம் வரும்வரை அவன் பேசவில்லை. எங்கள் இரண்டு பேரில் பேசுகிறவன் அவன். அவன் பேசாவிட்டால் எங்களுக்குள் பேச்சே இல்லை.

மேனேஜரிடம் நான் ஒருநாள் கேட்டேன். டீயை வைத்துவிட்டு, போகாமல் நின்று, ஏன் சார் அன்னிக்குக் கையைக் காட்டினீங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“அது போன மாசமே முடிவான விஷயமுங்க. அவர் வந்து பார்த்தாலும் எடுத்திருப்பார். கூப்பிட்டு வந்து, நல்லா பேசிட்டு, அப்புறம் எடுத்தா உங்க ஆளுங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். பேசுற ஆசை தீரட்டும்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “என்னையும்தான் புனேக்குப் போகச் சொல்லியிருக்காங்க” என்றார்.

அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சல் வந்தது. அந்த மனிதரின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. கிளாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கல் போனது. செக்ஷன் ஓடியது. போகப்போகிற மெஷின் என்று யாரும் அலட்சியமாக ஓட்டவில்லை, ஆனால் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை, கேலி கேட்கவில்லை. மச்சான் மகள் ஏப்ரலில் பரீட்சை எழுதினாள். மே மாதம் லாரிகள் வந்தன. மச்சான் குடும்பம் புனேக்குக் கிளம்பியது. சென்னையில் ரயிலேற்றிவிட நானும் மனைவியும் போனோம். “மராத்தி கத்துக்கினு வந்து உங்ககிட்ட பேசறேன் மாமா, நீங்க எப்படியும் பதில் சொல்லப் போறதில்ல” என்றான். சிரித்தோம்.

அவர்கள் போன பிறகு ஒரு மீட்டிங்கில், அந்த ஷெட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கிடங்காக வாடகைக்கு விடலாமா என்று யோசித்தார்கள். முதலாளி, “அந்த இடத்த எனக்குக் காட்டுங்க” என்றார்.

அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். ஷெட்டுக்கு நெட் ஒயர் எட்டாது என்று ஆபீசிலிருந்து நீள ஒயர் ஒன்றை மாட்டினோம். நான் ஒயர்ச் சுருளைப் பிரித்து விட்டுக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன். ஷெட்டுக்குள் வெயில் விழுந்த இடங்களில் இன்னும் தூசி மிதந்தது. மெஷின்கள் நின்ற இடமெல்லாம் தரையில் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. போல்ட் பிடுங்கிய ஓட்டைகள் இருந்தன.

அவள் மெதுவாக ஒரு சுற்று நடந்தாள். லேப்டாப்பில் முதலாளி முன்னால் குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பும்மா” என்றார். திருப்பினாள். “அங்கதான் போர் போட்டவன் நிப்பான்.”

நான் இன்னும் கொஞ்சம் ஒயரைப் பிரித்து விட்டேன். லேப்டாப் மைக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

“நல்ல பெரிய எடம்” என்றார் அவர் கடைசியில். “வந்து ஒருவாட்டி நேர்ல பாக்கணும்.”

அந்தப் பெண், சரி சார் என்றாள். ஒயர் அதற்குமேல் எட்டவில்லை. அவள் திரும்பி நடந்தாள், நான் தரையில் கிடந்த ஒயரைத் தூசி தட்டிச் சுருட்டிக்கொண்டே பின்னால் போனேன்.